முதலில் நீர் உட்கார்ந்து எழும்!

திருப்பூரில் நான் குடியிருக்கும் தெருவிலிருந்து பஸ் நிலையம் வரை நடந்தால் ஏழு தேகப் பயிற்சிச் சாலைகளைக் கடக்க வேண்டியிருக்கிறது. தேகப் பயிற்சிச் சாலை என்று நான்தான் சொல்லுகிறேன். பலகைகளில் 'ஜிம்' என்றும் 'ஃபிட்னஸ்' என்றும்தான் எழுதியிருக்கிறது. பெயரைப் பற்றி எனக்குச் சண்டை இல்லை. ஏழு பலகைகளிலும் ஏழு மார்புகள் படமாக இருக்கின்றன. எல்லாம் கடல் கடந்த மார்புகள். அவற்றில் ஒன்றாவது அந்த இடத்தை நடத்துகிறவருடைய மார்பு இல்லை. என் சண்டை இதைப் பற்றித்தான்.

இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுச் சிலர் என்மேல் கோபப்படுவார்கள். கதை எழுதுகிறவனுக்குக் கர்லாக்கட்டையைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பார்கள். கேட்கட்டும். செருப்புக் கடித்தவன், செருப்புத் தைக்கத் தெரியாதவனாக இருந்தாலும், கடிக்கிறது என்று சொல்லலாம் அல்லவா? கடிபட்ட கால் என்னுடையதுகூட இல்லை. என் பக்கத்து வீட்டுப் பையனுடையது. அதனால்தான் கொஞ்சம் உரக்கப் பேசுகிறேன்.

நான் இருப்பது ஒரு லைன் வீடு. அடுத்த போர்ஷனில் தேனிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த ஒரு தாயும் மகனும் இருக்கிறார்கள். மகனுக்குப் பத்தொன்பது வயது. பனியன் கம்பெனியில் கைமடியாகச் சேர்ந்து, துணி மடித்து, பீஸ் அடுக்கி, டெய்லர்களுக்கு எடுத்துக் கொடுத்து, கண்ணாலேயே தொழிலைக் கற்றுக்கொண்டு, இப்போது ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருக்கிறான். காலை 8.30 மணிக்குப் போனால் ஒன்றரை ஷிப்டு முடிந்து இரவு 8.30 மணிக்கு மேல் வருவான். அப்படி வந்த பிறகும் சோறு தின்றுவிட்டுப் படுத்துவிடாமல், உடம்பை வளர்க்க வேண்டுமென்று ஒரு ஜிம்மில் பணம் கட்டிச் சேர்ந்தான். எனக்கு உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது.

சேர்ந்த இரண்டாவது வாரம் ஒரு நாள் அதிகாலையில் அவன் தாய் என் கதவைத் தட்டினாள். "ஐயா, பய எந்திரிக்க மாட்டேங்கிறான்யா. கொஞ்சம் வந்து பாருங்கய்யா" என்றாள். போய்ப் பார்த்தேன். பாயில் ஒருக்களித்துக் கிடந்தான். புரண்டு படுக்கவே வலி. கழுத்து மட்டும்தான் நிமிர்ந்தது.

"என்னப்பா ஆச்சு?"

"குனிஞ்சு ராடைத் தூக்கினேன் சார். இடுப்புல சுளீர்னுச்சு."

"எவ்வளவு பாரம்?"

"பக்கத்துல ஒரு அண்ணன் தூக்கினாரு. அதே பாரந்தான் சார். கழட்டி மாத்த வெக்கமா இருந்துச்சு."

"எப்படித் தூக்கணும்னு யாரு சொல்லிக் கொடுத்தாங்க?"

"யூடியூபுல பாத்தேன் சார்."

இந்த மூன்று பதில்களில் முழுக் கதையும் இருக்கிறது. டாக்டர் பார்த்தார். நல்லவேளையாக எலும்புக்கு ஒன்றுமில்லை, தசைப் பிடிப்புதான் என்றார். ஆனால் மூன்று வாரம் மெஷினில் உட்கார முடியவில்லை. வேலைக்குப் போனால்தான் கூலி என்று இருப்பவனுக்கு மூன்று வாரம் என்றால் என்ன என்பது திருப்பூரில் வீட்டு வாடகை கொடுக்கிற ஒவ்வொருவருக்கும் தெரியும். அந்தத் தாய் எந்த நகையை எங்கே வைத்தாள் என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

அன்று மாலையே அந்த ஜிம்முக்குப் போனேன். வாசலில் கண்ணாடி மேஜை. மேஜைக்குப் பின்னால் உரிமையாளர். உரிமையாளர் கையில் செல்போன். மரியாதையாகத்தான் பேசினார். அதையும் சொல்லிவிட வேண்டும்.

"ஏனுங்க சார், நாங்க என்னங்க பண்றது? பசங்க சொன்னாக் கேக்கறதில்லீங்க. பாரத்தைக் கண்டா வெறி புடிச்ச மாதிரி ஆயிடறாங்க."

"சரி. நீங்கள் செய்து காட்டினீர்களா?"

"டிரெய்னர் இருக்காருங்களே!"

டிரெய்னரைக் கூப்பிட்டார். இருபத்திரண்டு வயதுப் பிள்ளை. அவனும் அங்கேயேதான் கற்றுக்கொண்டானாம். ஏழு மாசம் ஆயிற்றாம். அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நீச்சல் தெரியாதவனைக் கிணற்றங்கரையில் காவல் வைத்தால் அது காவல் நிற்கிறவன் குற்றமா?

நான் உரிமையாளரிடம் சொன்னேன்: "பாரம் ஒன்றும் வேண்டாம். வெறும் ராடை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு, நீங்கள் ஒரே ஒரு தடவை உட்கார்ந்து எழுந்து காட்டுங்கள். நான் பேசாமல் போய்விடுகிறேன்."

அவர் சிரித்தார். "நமக்கு முட்டி வலிங்க சார். இப்பெல்லாம் செய்யறதில்லீங்க. அதா, அந்தப் போட்டோவைப் பாருங்க" என்று சுவரைக் காட்டினார். சுவரில் மெடலோடு ஒரு வாலிபர் நின்றுகொண்டிருந்தார். நல்ல கட்டான உடம்பு. அது அவர்தான், இருபது வருஷத்துக்கு முன்னால்.

அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே நான் வீட்டுக்குத் திரும்பினேன். படம் சுவரில்தான் இருந்தது. ஆனால் வழியெல்லாம் என் கண்முன்னால் வந்தது. திருப்பூரில் நான் எத்தனையோ இடங்களில் பார்த்த படம் அது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அடிப்படை என்றால் என்ன என்று பேசிவிடுவோம். தேகப் பயிற்சியில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. மனித உடம்பு செய்கிற காரியங்கள் ஆறு: உட்கார்ந்து எழுவது, இடுப்பில் மடங்கித் தரையிலிருந்து தூக்குவது, தள்ளுவது, இழுப்பது, சுமந்து நடப்பது, இத்தனைக்கும் ஊடே ஒழுங்காக மூச்சு விடுவது. நம் முன்னோர்கள் தண்டால் என்றும் பஸ்கி என்றும் கர்லா சுற்றுவது என்றும் சொன்னது இவற்றைத்தான். இன்று இயந்திரங்களில் பளபளவென்று எத்தனை கைப்பிடி வைத்தாலும் இந்த ஆறைத் தாண்டி ஏழாவதாக ஒன்றும் வந்துவிடவில்லை.

உட்கார்ந்து எழுவதை எடுத்துக்கொள்ளுங்கள். குதிகால் தரையை விட்டுக் கிளம்பக் கூடாது. முழங்கால் பாதம் நோக்கும் திசையிலேயே போக வேண்டும். உள்ளே சரியக் கூடாது. இறங்கும் முன் மூச்சை இழுத்து வயிற்றை இறுக்கிக்கொள்ள வேண்டும். முதுகு கூன் போடக் கூடாது. தரையிலிருந்து தூக்கும்போது முதுகெலும்பில் வளையாமல் இடுப்பில் மடங்க வேண்டும். பாரம் காலை ஒட்டியே மேலே வர வேண்டும். உடம்பிலிருந்து ஒரு சாண் விலகினால்கூட அந்தப் பாரம் இடுப்புக்குப் பல மடங்காகிவிடுகிறது. கிணற்றில் நீர் இறைத்தவர்களுக்கும் மூட்டை தூக்கியவர்களுக்கும் இது தெரியும். சொல்லித் தெரிந்ததல்ல, பெரியவர்கள் செய்ததைப் பார்த்துத் தெரிந்தது.

போட்டிக்கு வைக்கிற நீளமான இரும்பு ராட் வட்டு ஒன்றும் மாட்டாமலே 20 கிலோ இருக்கிறது. வெறும் ராட் என்று நாம் இளக்காரமாகச் சொல்வது ஒரு சின்ன அரிசி மூட்டை. அதை ஒழுங்காகத் தூக்கத் தெரிந்த பிறகு வாரம் ஒரு துளி பாரம் ஏற்றினால் உடம்பு தானே வளரும். இரண்டாம் உலகப் போரின் கடைசி வருஷங்களில் தாமஸ் டிலார்ம் என்ற அமெரிக்க ராணுவ டாக்டர், காலில் அடிபட்ட சிப்பாய்களுக்கு இப்படித்தான் தசையை மீட்டுக் கொடுத்தார். தூக்க முடிகிற அளவில் தொடங்கி, படிப்படியாக ஏற்றி, 1945-இல் அதை எழுதியும் வைத்தார். அடிபட்டவனை எழுப்பி நடக்க வைத்த முறை அது. அதே இரும்பை வைத்துக்கொண்டு, நடந்து வந்தவனைப் பாயில் படுக்க வைக்கிற முறையை நாம் கண்டுபிடித்திருக்கிறோம்.

நம் ஊர் உடம்புக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. ஓவர்லாக் டெய்லர் பன்னிரண்டு மணி நேரம் குனிந்து உட்காருகிறான். கண் ஊசியில், கால் பெடலில். தோள் முன்னால் விழுந்துவிடுகிறது, கழுத்து நீண்டுவிடுகிறது, இடுப்பு மடங்கியபடியே இறுகிவிடுகிறது. அயர்ன் போடுகிறவனுக்கும் செக்கிங் பெண்ணுக்கும் நின்று நின்று கால் வீங்குகிறது. பெரியவர்கள் வாரத்துக்கு 150 நிமிஷமாவது நடை போன்ற மிதமான உழைப்பும், இரண்டு நாளாவது தசைகளை வலுவாக்கும் பயிற்சியும் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2020-இல் சொல்லியிருக்கிறது. உட்கார்ந்தே இருப்பதைக் குறைக்கவும் சொல்லியிருக்கிறது. அந்த உபதேசம் மற்ற ஊர்களைவிடத் திருப்பூருக்கு அவசரமானது. ஆனால் வளைந்த முதுகோடு உள்ளே வருகிறவனை முதல் நாளே இரும்பின் முன்னால் நிறுத்தினால் என்ன ஆகும்? அவனுக்கு முதல் பாடம் நிமிர்வது. இரண்டாவது பாடம் மூச்சு. மூன்றாவது பாடம் வெறும் கம்பு. பாரம் அப்புறம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த நியாயம் வேறு எந்த ஊருக்குத் தெரியாவிட்டாலும் திருப்பூருக்குத் தெரியும். சேர்ந்த முதல் நாளே ஒரு பையனை ஓவர்லாக் மெஷினில் உட்கார வைக்கிற கம்பெனி உண்டா? விட்டால் விரலும் போகும், பீஸும் போகும். பின்னல் துணி வந்தவுடனே கட்டிங் மாஸ்டர் கத்தியை எடுப்பாரா? சுருளைப் பிரித்து ஓய விடுவார். இழுபட்ட துணி தன் நிலைக்கு வர வேண்டும். இல்லாவிட்டால் முதல் சலவையில் பனியன் சுருங்கிவிடும். அடுக்கடுக்காய் விரித்து வைத்த துணியில் கத்தி ஒரு விரல் தப்பினால் அத்தனை அடுக்கும் தப்பு. இதெல்லாம் தெரிந்த ஊரில், துணிக்குக் காட்டுகிற பொறுமையை மனிதனுக்குக் காட்டக் கூடாதா? துணிக்கு ஓய்வு வேண்டும் என்று தெரிந்தவர்களுக்குத் தசைக்கும் ஓய்வு வேண்டும் என்று தெரியாமலா போயிற்று?

துணியில் தப்பு வந்தால் ஆர்டர் திரும்பி வரும், முதலாளிக்கு நஷ்டம். முதுகில் தப்பு வந்தால் திரும்பி வர ஒன்றும் இல்லை, நஷ்டம் தொழிலாளிக்கு. வித்தியாசம் இவ்வளவுதான்.

இப்போது அந்தச் சுவர்ப் படத்துக்கு வருகிறேன். திருப்பூர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்கிற கதை ஒன்று உண்டு. நானும் தொழிலாளியாய் இருந்தவன்தான், இந்தக் கையால் மெஷின் ஓட்டியவன்தான், உழைப்பால் உயர்ந்தவன்தான் என்று முதலாளிகள் பலர் சொல்வார்கள். பொய்யல்ல. காட்டை விட்டு வந்து, கம்பெனியில் கூலிக்கு நின்று, பிறகு சொந்தமாக மெஷின் போட்டவர்கள் இந்த ஊரில் எத்தனையோ பேர். அவர்களுக்கு ஊசி முதல் பெட்டி வரை எல்லாம் தெரியும். அந்த அடிப்படை ஞானம்தான் ஊரை உலகச் சந்தைக்குக் கொண்டுபோயிற்று. ஷரத் சாரி என்ற ஆராய்ச்சியாளர் இவர்களைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதி 2004-இல் வெளியிட்டார். இந்த முதலாளிகள் தங்கள் மூலதனம் தங்கள் உழைப்பே என்று பேசுவதை அவர் விரிவாகக் காட்டுகிறார்.

நான் கேட்பது வேறு. நானும் உழைத்தவன்தான் என்ற வாக்கியம் எந்த நேரத்தில் சொல்லப்படுகிறது? பக்கத்தில் நின்று கற்றுக் கொடுக்கிற நேரத்தில் சொன்னால் அது முன்மாதிரி. கூலி உயர்வு கேட்கிற நேரத்தில், நான் பட்ட கஷ்டத்தை நீயும் படு என்கிற அர்த்தத்தில் சொன்னால் அது கம்பு. நேற்று உழைத்ததைக் காட்டி இன்று உத்தரவு போடுவது சுலபம். ஜிம் உரிமையாளர் சுவரில் மாட்டியிருப்பதும் அந்த வாக்கியத்தைத்தான். கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். வித்தியாசம் அவ்வளவே. நேற்று நீர் பஸ்கி போட்டீர் என்பதற்கு மெடல் கொடுத்தாகிவிட்டது. இன்று உம்மிடம் வருகிற பையன் மெடலைப் பார்த்து முதுகை நிமிர்த்தக் கற்றுக்கொள்ள முடியாது. முதுகைப் பார்த்துத்தான் முதுகு கற்கும்.

முன்னால் நின்று நடத்தியவர்கள் நம்மிடம் இல்லாமலில்லை. இங்கிருந்து ஒரு மணிப் பிரயாணத்தில் கோயம்புத்தூர். அங்கே ராமநாதபுரத்தில் 1915-இல் பிறந்தார் சின்னப்பா தேவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. பங்கஜா மில்லில் மாதம் ஒன்பது ரூபாய்க்கு வேலை பார்த்தார் என்று சொல்வார்கள். அந்த மில் தொழிலாளிதான் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு வீரமாருதி தேகப் பயிற்சிச் சாலையைத் தொடங்கினார். 1904-ஆம் ஆண்டு வாக்கில் இந்தியாவைச் சுற்றிவந்து ஊர் ஊராய்ப் பலத்தைக் காட்டிய யூஜின் சாண்டோ என்ற ஜெர்மானியரின் பெயர் நம் நாட்டில் பலசாலிகளுக்குப் பட்டமாகவே ஆகிவிட்டிருந்தது. தேவரும் சாண்டோ ஆனார். பிறகு 1956-இல் 'தாய்க்குப் பின் தாரம்' எடுத்துப் படமுதலாளியானார், 1978-இல் காலமானார். சினிமா விஷயம் கிடக்கட்டும். கூடப் பயின்றவர்களுக்கு எதிரே அவர் கண்ணாடி மேஜை போட்டு உட்கார்ந்தவர் அல்லர். அவர்களில் ஒருவராய் வியர்த்தவர். எனக்கு வேண்டியது அந்த ஒன்றுதான்.

இன்னும் ஒருவரைச் சொல்ல எனக்குத் தனியான ஆசை உண்டு. அவர் என் ஜாதி, அதாவது நாவல் எழுதுகிற ஜாதி. பெங்களூரில் வியாயாமசாலை நடத்திய கே. வி. ஐயர். தேகப் பயிற்சி பற்றிப் புத்தகங்கள் எழுதினார். கன்னடத்தில் 'சாந்தலா' என்ற சரித்திர நாவலும் எழுதினார். அவரும் தம் படத்தை அச்சிட்டவர்தான். ஆனால் அது அன்றன்றைய உடம்பின் படம். படத்தில் இருந்தவர் மறுநாள் காலை சாலையில் நின்றார். பேனாவும் பஸ்கியும் ஒரே கைகாலில் இருக்க முடியும் என்பதற்கு அவர் சாட்சி. அது எனக்கே கொஞ்சம் சங்கடமான சாட்சி. அதையும் பிறகு சொல்கிறேன்.

வயதாகிவிட்டது, முட்டி வலிக்கிறது என்று சொல்கிறவர்களுக்கு மனோகர் ஐச்சின் கதை இருக்கிறது. ஐந்தடிக்கும் குறைவான உயரம். வெள்ளைக்காரன் காலத்தில் விமானப் படையில் இருந்து, எதிர்த்ததற்காகச் சிறைக்குப் போய், சிறைக்குள்ளேயே பயிற்சி செய்தவர். 1952-இல் குள்ளமானவர்களுக்கான பிரிவில் 'மிஸ்டர் யூனிவர்ஸ்' பட்டம் பெற்றார். கொல்கத்தாவில் பயிற்சிச் சாலை நடத்தி, நூறு வயதைத் தாண்டி 2016-இல் இறந்தார். சிறையில் அவருக்கு எந்தக் கம்பெனியின் இயந்திரம் கிடைத்திருக்கும்? தரை இருந்தது, தண்டால் இருந்தது. அடிப்படை தெரிந்தவனுக்கு அது போதும்.

எதிர்க்கட்சிக்காரர்கள் சொல்வதையும் நேர்மையாகக் கேட்டுவிடுவோம். முதல் வாதம்: இது வியாபாரம், ஓட்டல் முதலாளிக்குச் சமைக்கத் தெரிய வேண்டுமா? தெரிய வேண்டாம் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் தோசை கருகினால் திருப்பி அனுப்பலாம். இடுப்பைத் திருப்பி அனுப்ப முடியாது. மேலும், தோசையின் ருசி சாப்பிடுகிறவனுக்குத் தெரியும். தான் வளைந்து தூக்குகிறோமா நிமிர்ந்து தூக்குகிறோமா என்பது புதிதாக வந்தவனுக்குத் தெரியவே தெரியாது. தெரியாதவனிடம் காசு வாங்குகிற எந்தத் தொழிலிலும், வாங்குகிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வைத்தியனுக்கு இந்தச் சட்டம். வாத்தியாருக்கு இந்தச் சட்டம். உமக்கு மட்டும் விலக்கா?

இரண்டாம் வாதம் கொஞ்சம் கனமானது: நல்ல ஆசான் நல்ல வீரனாக இருக்க வேண்டியதில்லை, ஓட முடியாதவர்கள் ஓட்டப்பந்தய வீரர்களை உருவாக்கியிருக்கிறார்கள். உண்மை. நான் ஒப்புக்கொள்கிறேன். நான் கேட்பது பெரிய புஜம் அல்ல. அறுபது வயதுக்காரர் மெதுவாக, முட்டி அனுமதிக்கிற ஆழத்துக்கு மட்டும், வெறும் கம்போடு உட்கார்ந்து எழட்டும். முட்டி வலியோடு எப்படி உட்காருவது என்பதைக் காட்டினால் அதைவிடப் பெரிய பாடம் உண்டா? பையன்களுக்குப் பாரத்தைக் காட்ட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நிதானத்தைக் காட்டத்தான் ஆள் இல்லை. பெரிய மனுஷனே வெறும் ராடில் தொடங்குகிறார் என்று கண்ணால் பார்த்தால், வட்டைக் கழற்றி மாற்ற என் பக்கத்து வீட்டுப் பையன் வெட்கப்பட்டிருப்பானா? அவன் இடுப்பை முறித்தது இரும்பு அல்ல, அந்த வெட்கம்தான். வெட்கத்தை எடுக்கிற சக்தி அறிவுப்புப் பலகைக்கு இல்லை, டிரெய்னரின் அதட்டலுக்கும் இல்லை. மேஜையை விட்டு எழுந்து வருகிற முதலாளிக்குத்தான் உண்டு.

அடிப்படை போன இடத்தில் என்ன வந்து உட்காரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். டப்பா வந்து உட்காரும். பயிற்சியில் கிடைக்காத உடம்பைப் பவுடரில் தருகிறேன் என்று அலமாரி முளைக்கும். புரதம் வேண்டியதுதான்; பருப்பிலும் முட்டையிலும் பாலிலும் கொள்ளிலும் அது இருக்கிறது. டப்பா சாப்பிடுகிறவன் காசோடு போகிறான். அதற்கும் அடுத்தபடி ஒன்று இருக்கிறது: ஸ்டீராய்டு ஊசி. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து அது. இருதயத்தையும் ஈரலையும் கெடுக்கும். ஆண்மகனுக்குப் பிள்ளைப்பேற்றையே தடுக்கக் கூடியது. ஆறு மாதத்தில் பலகையிலிருக்கிற மார்பு வேண்டும் என்று அவசரப்படுகிற பையனிடம், தம்பி, இதற்கு ஆறு வருஷம் ஆகும் என்று சொல்ல யாருக்கு யோக்கியதை உண்டு? அந்த ஆறு வருஷத்தையும் தானே செய்துகொண்டிருக்கிறவனுக்குத்தான். மற்றவன் சொன்னால் பையன் சிரிப்பான்; சிரித்துவிட்டு ஊசி கிடைக்கிற இடத்தை விசாரிப்பான்.

இவ்வளவு கோபம் எதற்கு, இஷ்டமில்லாதவன் போகாமல் இருக்கலாமே என்று சிலர் கேட்கலாம். இரவு ஒன்பது மணிக்கு ஒன்றரை ஷிப்டு முடித்து வெளியே வருகிற பையனுக்கு இந்த ஊரில் திறந்திருக்கிற கதவுகள் எத்தனை? மைதானம் இருட்டிவிட்டது. நூலகம் பூட்டியாயிற்று. டாஸ்மாக் திறந்திருக்கிறது, ஜிம் திறந்திருக்கிறது. இரண்டில் ஜிம்மின் பக்கம் திரும்புகிறானே, அவன் கும்பிடத் தகுந்தவன். அவன் கையில் அந்த நேரத்தில் இருப்பது நாள் முழுவதும் விற்றது போக மிச்சமிருக்கிற உடம்பு. அதை நம்பி உம்மிடம் கொண்டுவருகிறான். அதையும் முறித்து அனுப்பினால் அடுத்த முறை அவன் எந்தக் கதவைத் தட்டுவான்? இந்தத் தொழிலில் ஒளிந்திருக்கிற பொறுப்பு அது. பெண்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பனியன் கம்பெனிகள் அவர்கள் கைகளில் ஓடுகின்றன. அவர்கள் முதுகு நிமிர ஒரு மணி நேரம் ஒதுக்கிய ஜிம் எங்கள் தெருவில் இல்லை.

ஆகவே உரிமையாளரே, உமக்கு நான் சொல்வது மிகச் சின்ன விஷயம். ஒன்பது மணிக் கூட்டத்தில், எல்லாரும் பார்க்க, தினம் பத்து நிமிஷம் மேஜையை விட்டு எழுந்து வாரும். வெறும் ராடை எடுத்து முதலில் நீர் உட்கார்ந்து எழும். தூக்கிய வட்டை நீரே திரும்ப அதன் இடத்தில் மாட்டும். ஆயிரம் அறிவிப்பு ஒட்டினாலும் வராத ஒழுங்கு அதில் வந்துவிடும். புதிதாய்ச் சேர்ந்தவன் நிமிர்ந்து உட்கார்ந்து எழும் வரை அவனுக்கு வட்டு கிடையாது என்று விதி வையும். அந்த விதிக்கு உம்மையும் உட்படுத்திக்கொள்ளும். டிரெய்னர் பிள்ளைக்கு நீர் கற்றுக்கொடும், அல்லது கற்கிற இடத்துக்குப் பணம் கட்டி அனுப்பும். சுவரில் இருக்கிற படம் இருக்கட்டும். அதன் பக்கத்தில் கண்ணாடி ஒன்று மாட்டி, தினம் ஒரு தடவை இரண்டையும் சேர்த்துப் பாரும்.

இந்த இடத்தில் கட்டுரையை முடித்துவிடத்தான் நினைத்தேன். எழுதிய வரைக்கும் பையனுக்குப் படித்துக் காட்டினேன். அவன் இப்போது எழுந்து நடமாடுகிறான். மெஷினுக்கும் போகத் தொடங்கிவிட்டான். முழுவதையும் பொறுமையாகக் கேட்டான். கேட்டுவிட்டு, "நல்லாருக்கு சார்" என்றான். கொஞ்சம் தயங்கி, "நீங்க செய்வீங்களா சார்?" என்றான்.

அவன் குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நாற்பது வருஷமாக நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிற முதுகு என்னுடையது. ஓவர்லாக் டெய்லரின் முதுகுக்கு அது எந்த விதத்திலும் குறைந்ததல்ல. பெங்களூர் ஐயர் எனக்குச் சங்கடமான சாட்சி என்று சொன்னேன் அல்லவா? இதனால்தான். கண்ணாடி மேஜைக்குப் பின்னால் இருந்தவரைப் பார்த்து இவ்வளவு நேரம் கத்தியவனும் ஒரு மேஜைக்குப் பின்னால்தான் இருக்கிறான்.

மறுநாள் காலை, தண்ணீர்க் குடங்கள் வரிசை கட்டுவதற்கு முன்னால், இருவரும் வாசலில் நின்றோம். அவன் அம்மாவின் ஒட்டடைக் கம்பை இருவரும் மாற்றி மாற்றித் தோளில் வைத்துக்கொண்டோம். குதிகால் தரையில், மூச்சை இழுத்து, மெதுவாக. எனக்கு எட்டுதான் வந்தது. ஒன்பதாவதில் முட்டி கிரீச்சிட்டது. மூன்றாம் நாள் படியேறும்போது சுவரைப் பிடித்துக்கொண்டேன். இப்போது ஒன்றரை மாதமாகிறது, பன்னிரண்டு வருகிறது. பையன் இருபது போடுகிறான். எதிர்ப் போர்ஷன் செக்கிங் பெண்கள் முதலில் சிரித்தார்கள். போன வாரம் அவர்களில் இருவர் தங்கள் வாசலில் நின்று உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். நான் அவர்களுக்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை.

உரிமையாளருக்கு அழைப்பு அனுப்பியிருக்கிறேன். எங்கள் வாசலில் கட்டணம் கிடையாது. கம்பு ஒன்றுதான் இருக்கிறது. அவர் இன்னும் வரவில்லை.